நத்தையைக் கொன்றது பாசியா, உப்பா?

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறக்கப் போனால், மாணவி எனக்கு முன்பே வாசலில் நிற்கிறாள். உள்ளே மேசையில் வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள். பழுப்புக் கடற்பாசியின் சாறு ஊற்றிய 3 சாடிகளிலும் நத்தைகள் அடியில் கிடந்தன. ஊசியால் தொட்டும் அசையவில்லை. சில ஓடுகளின் வாயருகே நீர் லேசாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் வெறும் வாய்க்கால் நீர் ஊற்றிய சாடிகளில் நத்தைகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

“மிஸ், முப்பதுல இருபத்தெட்டு போயிட்டு” என்றாள்.

அவள் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். கடியப்பட்டணத்துக் கடற்பாறையில் சும்மா வளர்கிற பாசி, நாஞ்சில் நாட்டு வயலில் அரிப்பைக் கொண்டுவரும் நத்தையைக் கொல்கிறது என்றால் அது சின்ன விஷயமா? அன்றே ஆய்வேட்டின் தலைப்பைக்கூட யோசித்துவிட்டோம்.

அந்த முடிவு தவறு என்று புரிய எங்களுக்கு 7 வாரம் பிடித்தது. எம்.எஸ்சி. மாணவி ஒருத்தியின் ஆய்வு இது, வழிகாட்டி நான். தவறில் பாதி என்னுடையது. இப்படி ஓர் ஆய்வைத் தொடங்கப் போகிற பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வயலில் தொடங்கியது

மாணவியின் ஊர் தேரூர்ப் பக்கம். அவளுடைய சித்தி நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவர். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் நடவு நடந்த ஐப்பசியில் ஒருநாள் சித்தியின் காலைப் பார்த்துவிட்டு வந்துதான் என்னிடம் பேச்சை ஆரம்பித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து முட்டுக்குக் கீழே வரை சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். சில இடங்களில் சொறிந்து புண்ணாகியிருந்தது.

“வயல்ல இறங்கி அரை மணிக்கூர் ஆகாது, அரிக்கத் தொடங்கிரும். ராத்திரி ஒறக்கம் கிடையாது மக்ளே. உரம் போட்ட வெள்ளம்னு சொல்லுகாவ. உரம் போடாத வயல்லயும் அரிக்குதே?”

சித்தியின் கேள்வி சரியான கேள்வி. இந்த அரிப்புக்கு உரம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மாட்டின் ரத்தக் குழாயில் வாழும் ஷிஸ்டோசோமா என்கிற தட்டைப்புழு இனத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒரு நத்தையைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் புகுந்து, அங்கே ஒன்று பலவாகிறது. பிறகு நத்தையை விட்டு வெளியே வந்து, வால் பிளந்த நுண்ணிய உருவத்தில், மாட்டின் தோலைத் தேடி நீந்துகிறது. இந்தக் கட்டத்துக்கு செர்கேரியா என்று பெயர். அதே தண்ணீரில் மனிதர் கால் வைத்தால் அதற்கு ஆள் தெரியாது, தோலுக்குள் நுழைந்துவிடுகிறது. மாட்டுக்கான புழு மனித உடலில் வளராமல் தோலிலேயே சாகிறது. செத்த அந்தப் பொடிக்கு நம் உடல் காட்டும் எதிர்ப்புதான் தடிப்பும் அரிப்பும்.

மாட்டின் கதை இன்னும் மோசம். ஷிஸ்டோசோமா நேசேல் என்கிற இனம் மாட்டின் மூக்கிலேயே குடியிருந்து, காலிபிளவர் மாதிரி சதையை வளர்த்து, மூச்சைக் குறட்டையாக்கிவிடும். 1933-இல் எம்.ஏ.என். ராவ் இந்தப் புழுவை விவரித்துப் பெயரிட்டார். அப்போதிலிருந்து இந்த நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு இது பழக்கமான நோய்தான். வயலில் வேலை செய்கிற பெண்களின் காலை அதே அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

நம் வயல்களில் இந்தப் புழு இனத்துக்கு இடம் கொடுக்கும் நத்தைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். கோபுரமாக எழாமல், சுருட்டி வைத்த கயிறு போலத் தட்டையாக இருக்கும் ஓடு. இன்னொன்று லிம்னேயா லூட்டியோலா. விரலால் அழுத்தினால் உடையும் மெல்லிய, தேன் நிற ஓடு. இரண்டுக்கும் மூடி கிடையாது, இரண்டும் காற்றை மூச்சிழுப்பவை. தட்டை நத்தைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அடிபட்டால் சிவப்பாகக் கசியும். சாடியில் நாங்கள் பார்த்த சிவப்பு அதுதான்.

சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் பறவைகள் காப்பகம் என்பதால் அவற்றின் எல்லைக்குள் நாங்கள் கை வைக்கவில்லை. ஊருக்கு வெளியே வயல் வாய்க்காலில், சேம்புத் தண்டிலும் மட்கிய வைக்கோலிலும் ஒட்டியிருந்தவற்றைத்தான் எடுத்தோம். கொண்டுவந்த நத்தைகளை ஆளுக்கொரு குப்பியாகப் பிரித்து, 2 ஸ்பூன் தண்ணீர் விட்டு, காலை வெயில் விழும் ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம். வெளிச்சம் பட்டால் செர்கேரியா வெளியே வரும். பெரும்பாலான குப்பிகள் தெளிவாகவே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஒரு குப்பியில் மட்டும், கலைந்த தூசி மாதிரி ஏதோ மேலும் கீழுமாக ஆடியது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். உடல் ஒரு சின்ன நீள்வட்டம். பின்னால் நீண்ட வால், வாலின் நுனி இரண்டாகப் பிளந்து, கவட்டைக் கம்பு மாதிரி. வாலை முன்னால் வைத்து உதைத்து உதைத்து மேலே எழும்பி, சற்று நின்று, மெல்ல அடியில் இறங்கி, மறுபடியும் எழும்பியது. மாணவி கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வால் பிளந்திருந்தாலே ஷிஸ்டோசோமா என்று எழுதிவிட முடியாது. பறவைகளின் சில தட்டைப்புழுக்களுக்கும் அதே வால் உண்டு. அதனால் நோட்டில் ‘பிளவு வால் செர்கேரியா’ என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

புழு கொட்டிய நத்தைகளைத் தனியே ஒதுக்கிவிட்டோம். அவை ஏற்கெனவே நலிந்தவை. சோதனையில் சேர்த்தால் தாமே செத்து, பழி மருந்தின் மேல் விழும். இந்த ஒரு விஷயத்தில் முதலிலிருந்தே சரியாக இருந்தோம்.

பாறையில் பாசி

நத்தையைக் கொல்ல மருந்து இல்லாமல் இல்லை. நிக்லோசமைடு உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அது மீனையும் கொல்லும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அந்தக் குளங்களோடு உறவுள்ள வாய்க்காலில் மீன் சாகும் மருந்தை ஊற்றுவதா? குளத்தில் இறங்கும் நத்தைகுத்தி நாரைக்குச் சாப்பாடே பைலா என்கிற பெரிய நத்தைதான். அதையும் சேர்த்துக் கொன்றுவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறோம்? தாவரங்களிலிருந்து நத்தைக்கொல்லி தேடுகிற ஆய்வுகள் நிறைய உண்டு. கடற்கரை மாவட்டத்துப் பிள்ளைக்குக் கடற்பாசி நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

பாசி எடுக்கப் போனது கார்த்திகை அமாவாசையை ஒட்டி. தண்ணீர் நன்றாக இறங்கும் நாள். பாறையில் சிப்பி எடுக்கிற அண்ணன் ஒருவர் துணைக்கு வந்தார். “சிப்பி எடுக்க வாறவியளப் பாத்திருக்கேன், பாசி எடுக்க வாறவிய நீங்கதான்” என்று சொல்லிக்கொண்டே, எந்தப் பாறை வழுக்கும், எந்த அலைக்கு விலக வேண்டும் என்று காட்டிக்கொண்டு வந்தார். 3 இனம் எடுத்தோம். அலை அடிக்கும் முகப்பில் பச்சை ரிப்பனாகத் தொங்கும் அல்வா ஃபேசியேட்டா. சற்றுக் கீழே, காற்றுக் குமிழ் வைத்த பழுப்புப் பாசி சர்காசம் வைட்டி. சென்னை மாகாணத்தில் தாவரங்களைத் தேடி அலைந்த ராபர்ட் வைட்டின் பெயர் அதில் இருக்கிறது. அப்புறம் சிவப்பில் கிராசிலேரியா கார்ட்டிகேட்டா. கடல்நீரில் அலசி, கல்லூரிக்கு வந்து குழாய் நீரில் ஒரு தடவை முக்கி எடுத்து, மழைக்காலம் என்பதால் காலி வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே நிழலில் உலர்த்தினோம். உலர்ந்ததும் மிக்சியில் பொடி. 10 கிராம் பொடி, 1 லிட்டர் நீர், ஓர் இரவு ஊறல், மல் துணியில் வடிகட்டல்.

ஒரு சாடிக்கு 10 தட்டை நத்தைகள், ஒவ்வொரு சாற்றுக்கும் 3 சாடிகள். ஏறி வெளியே வந்துவிடாதபடி வாயில் வலை. ஒப்பிட்டுப் பார்க்க, கண்ட்ரோலாக வாய்க்கால் நீர். 24 மணி நேரம் கழித்து எண்ணினோம். பழுப்பில் கிட்டத்தட்ட எல்லாம் போனது, பச்சையில் பாதி, சிவப்பில் கொஞ்சம். அந்த வெள்ளிக்கிழமைதான் முதலில் சொன்னது.

“இது உப்புல்லா மிஸ்”

திங்கட்கிழமை ஆய்வுக்கூட உதவியாளர் கழுவப் போட்டிருந்த பீக்கர்களை எடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடியில் கொஞ்சம் சாறு கிடந்து வற்றியிருந்தது. பழுப்புப் பாசிச் சாறு இருந்த பீக்கரின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் புத்தளத்துக்காரர். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர். நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது உப்புல்லா மிஸ்” என்றார்.

எனக்கு அடிவயிறு குளிர்ந்துவிட்டது. ஏன் இதை யோசிக்கவில்லை?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நன்னீரில் வாழும், காற்றை மூச்சிழுக்கும் நத்தைகளின் ரத்தத்தில் உப்பின் செறிவு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு அதைத் தாண்டிவிட்டால், மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டதும் நீர் விடுகிற மாதிரி, நத்தை உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கும். கடலில் வளர்ந்த பாசியை ஒரே ஒரு முறை குழாய் நீரில் முக்கிவிட்டுப் பொடி செய்தால் அந்தப் பொடியில் உப்பு இல்லாமல் என்ன இருக்கும்? பாசியின் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாது உப்புகள் இருப்பது சாதாரணம். நாங்கள் கண்ட்ரோலாக வைத்ததோ உப்பே இல்லாத வாய்க்கால் நீர். பாசிச் சாற்றுக்கும் அந்த நீருக்கும் வித்தியாசம் ஒன்றல்ல, ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் கொன்றது யார் என்று எங்கள் சோதனை கேட்கவே இல்லை.

வேதியியல் துறையிலிருந்து கண்டக்டிவிட்டி மீட்டரை இரவல் வாங்கி வந்து சாற்றில் முக்கினோம். மின்கடத்துதிறன் வாய்க்கால் நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல். சரி, அப்படியென்றால் அடுத்த சோதனை தெளிவு. அயோடின் சேராத கல்லுப்பை வாய்க்கால் நீரில் கரைத்து, மீட்டரில் சாறு காட்டிய அதே எண் வரும்வரை கொண்டுவந்து, அதில் நத்தையை விட வேண்டும்.

விட்டோம். நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கி அடியில் விழுந்தன. மறுநாள் காலை ஊசியால் தொட்டால் பெரும்பாலானவை அசையவில்லை. மாணவியின் முகம் வாடிவிட்டது. எல்லாம் உப்பு வேலை என்று முடித்துவிடப் போனோம். நல்லவேளை, அன்று கல்லூரியில் வேறு நிகழ்ச்சி இருந்ததால் சாடியைக் கழுவ நேரமில்லை. நத்தைகளை வடிகட்டிச் சுத்தமான வாய்க்கால் நீரில் போட்டுவிட்டுப் போய்விட்டோம். மறுநாள் வந்து பார்த்தால், பாதிக்கு மேல் சுவரில் ஏறி மேய்ந்துகொண்டிருக்கின்றன!

நத்தைக்கொல்லிச் சோதனையில் 24 மணி நேரம் மருந்தில் வைத்த பிறகு, சுத்தமான நீருக்கு மாற்றி, மறுபடியும் ஒரு நாள் காத்திருந்துதான் சாவை எண்ண வேண்டும். மூடிக்கொண்டு கிடப்பதும் செத்துக் கிடப்பதும் வெளியே ஒன்று போலத் தெரியும். புத்தகத்தில் உள்ள விதிதான், நானும் வகுப்பில் சொன்னதுதான். முதல் சோதனையில் அவசரத்தில் விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு சந்தேகம் வந்த ஒவ்வொரு நத்தையையும் விளக்கின் மேல் பிடித்துப் பார்த்தோம். சின்ன நத்தையின் ஓடு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும். உள்ளே இதயம் துடிப்பது தெரியும். துடிப்பு நின்றிருந்தால்தான் சாவு.

அந்த விதியோடு பாசிச் சாற்றை மறுபடியும் சோதித்தோம். பழுப்புப் பாசிச் சாற்றில் கிடந்தவை சுத்த நீருக்கு வந்தும் எழவில்லை. அதே அளவு மின்கடத்தும் கல்லுப்பு நீரில் கிடந்தவை எழுந்தன.

“அப்போ பாசிதான் மிஸ்!” மாணவிக்கு உயிர் வந்துவிட்டது. நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன்.

சாம்பல் சொன்னது

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், இரவல் தந்த வேதியியல் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கண்டக்டிவிட்டி ஒண்ணா இருந்தா உப்பும் ஒண்ணுன்னு அர்த்தமா?”

இல்லைதான். மீட்டருக்கு அயனிகளின் மொத்தக் கணக்குத்தான் தெரியும், எந்த அயனி என்று தெரியாது. கல்லுப்பில் இருப்பது சோடியம். பழுப்புப் பாசியோ தன் செல்களுக்குள் பொட்டாசியத்தைத் திரட்டி வைத்திருக்கிறது. அது கடல்நீரில் உள்ள விகிதத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம். வெளியே ஒட்டிய கடல் உப்பைப் பத்துத் தடவை கழுவினாலும் செல்லுக்குள் இருப்பது போகாது. உலர்த்திப் பொடித்து ஊறவைத்தால் மொத்தமும் சாற்றில் இறங்கும். நரம்பும் தசையும் வேலை செய்வதே செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு என்கிற வித்தியாசத்தில்தான். வெளியே கூடிவிட்டால் நரம்பு செயலிழக்கும், இதயம் நிற்கும். நத்தை, சிப்பி இனங்களுக்கு இது தெரிந்த விஷம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மில்புரூக் என்கிற கல்குவாரிக் குளத்தில் பெருகிவிட்ட வரிச்சிப்பிகளை 2006-இல் பொட்டாசியம் குளோரைடு போட்டுத்தான் அடியோடு ஒழித்தார்கள்.

இதை எப்படிச் சோதிப்பது? மாணவிதான் வழி சொன்னாள். அவள் வீட்டில் பாத்திரம் துலக்கச் சாம்பல் எடுத்து வைப்பார்களாம். “மிஸ், பாசிய எரிச்சுட்டா? மருந்து எல்லாம் எரிஞ்சு போயிரும். உப்பு மட்டும்தானே மிஞ்சும்?”

இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான். எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் அந்தப் பிள்ளை கண்டுபிடித்த கண்ட்ரோல் அது.

பழுப்புப் பாசிப் பொடி 10 கிராம். பீங்கான் கிண்ணத்தில் இட்டு மஃபிள் ஃபர்னஸ் என்கிற உலையில் 550 டிகிரி செல்சியஸில் கரி வெளுக்கும் வரை வைத்தோம். நல்ல நாற்றம், காற்றுப்போக்கியை ஓடவிட வேண்டியிருந்தது. ஆறியதும் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சாம்பல், லேசான நீலம் கலந்த வெள்ளை. அதை 1 லிட்டர் வாய்க்கால் நீரில் கரைத்தால் வழுவழுப்பாகக் காரமாக இருந்தது. சாம்பல் நீர் அப்படித்தான் இருக்கும். அப்படியே விட்டால் காரம் கொன்றதா, பொட்டாசியம் கொன்றதா என்று இன்னொரு குழப்பம் வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பாசிச் சாற்றின் பி.எச். (அமில-கார) அளவுக்கே கொண்டுவந்தோம். கரையாத வண்டலை வடிகட்டினோம். இப்போது கையில் இருப்பது பாசியின் தாதுக்கள் மட்டும். டானின், டெர்பீன், நிறமி என்று பாசியின் ‘மருந்து’ என எதைச் சொல்வோமோ அது ஒன்றும் அந்தத் தீயைத் தாண்டி வந்திருக்க முடியாது.

3 சாடிகள், 30 நத்தைகள். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடியில். ஒரு நாள் மருந்தில், ஒரு நாள் சுத்த நீரில். எழுந்தவை 3.

அதற்கடுத்த வாரம் பொட்டாசியம் குளோரைடை மட்டும் தனியாகக் கரைத்துச் சோதித்தோம். அதே கதை. பழுப்பு அதிகம் கொன்றது, பச்சை பாதி கொன்றது என்கிற முதல் வார வித்தியாசத்தையும் இனி வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பழுப்புப் பாசிகளில் பொட்டாசியம் பொதுவாகவே அதிகம்.

மறுபக்கமிருந்தும் ஒரு சோதனை செய்தோம். சாற்றை நுண்துளைகள் கொண்ட டயாலிசிஸ் பையில் கட்டி, 2 நாள் ஓடும் நீரில் போட்டு, உப்பை வெளியேற்றிவிட்டு, பைக்குள் மிஞ்சியதில் நத்தையை விட்டோம். நத்தைகள் சாகவில்லை. ஓட்டில் கோழை மாதிரிப் பாசிப் பசை படிந்தபடி நடமாடின. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பையின் துளை வழியாக உப்பு போகும்போது சிறிய கரிம மூலக்கூறுகளும் கூடவே போய்விடும். ஆகவே பாசிப் பசையான ஆல்ஜினேட் போன்ற பெரிய மூலக்கூறுகள் கொல்லவில்லை என்று மட்டும்தான் இந்தச் சோதனையால் சொல்ல முடியும். ஆய்வேட்டில் அப்படியேதான் எழுதினோம்.

இடையில் இன்னொரு சறுக்கல். முதலில் செவுளால் மூச்சுவிடும் பெல்லாமியா நத்தையையும் சில சாடிகளில் விட்டிருந்தோம். 2 நாள் பழைய சாற்றில் அவை மொத்தமாகச் செத்தன. அது பொட்டாசியம் மட்டும் செய்த வேலை இல்லை. ஊறிப் புளித்த சாற்றில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டிருந்தது. சாடியைத் திறந்தாலே வாடை. மேலே வந்து காற்றை இழுக்கும் தட்டை நத்தை அதில் பிழைக்கும், செவுள் நத்தை பிழைக்காது. அன்றிலிருந்து அன்றன்று வடித்த சாறு மட்டுமே.

ஓர் ஏக்கருக்குக் கணக்கு

சரி, பொட்டாசியமே கொல்லட்டும், பாசியிலிருந்து வருகிற பொட்டாசியம்தானே, வயலுக்கு உரமும் ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். கடலோரத் தென்னந்தோப்புகளில் கரையொதுங்கிய பாசியை மூட்டில் போடுவது பழைய வழக்கம்தான். கேள்வியை ஒதுக்க முடியாது. கணக்குப் போட்டோம்.

ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 10 கிராம் என்றால் 2 டன் உலர்ந்த பாசி. பச்சையாக எடுத்தால் அது 10 டன்னைத் தாண்டும். ஒரே ஏக்கருக்கு, ஒரே தடவைக்கு. கடியப்பட்டணத்துப் பாறைகளை மொட்டையடித்தாலும் ஊர் வயலுக்குப் போதாது. அந்தப் பாசிக்குள்தான் நண்டும் இறாலும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. சிப்பி எடுக்கும் அண்ணனின் பிழைப்பும் அந்தப் பாறையில்தான். அதோடு நெல் உப்பைத் தாங்காத பயிர், அதிலும் நாற்றுப் பருவத்தில். நத்தை சாகும் முன் நாற்று சாகும். சுருக்கமாக, பாசிச் சாறு நத்தைக்கொல்லியாகாது.

எழுதுவதா, மறைப்பதா

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, நான் மதிக்கும் மூத்தவர் ஒருவர் ஆய்வேட்டின் வரைவைப் பார்த்துவிட்டு, முதல் வார முடிவை மட்டும் வைத்து எழுதச் சொன்னார். “பிள்ளைக்கு மார்க் வேணும்லா? சாம்பல் எல்லாம் எதுக்கு?” கெட்ட எண்ணம் இல்லை. அவர் பார்த்த பல ஆய்வேடுகள் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அப்படி எழுதினால், அடுத்த ஆண்டு இன்னொரு கல்லூரியில் இன்னொரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, அதே பாறையில் பாசி பறித்து, அதே தவறை இன்னும் பெரிய சாடியில் செய்வாள். யாராவது அதை வயலிலும் ஊற்றிப் பார்ப்பார்கள். மாணவியிடம் முடிவை விட்டேன். 2 நாள் யோசித்தாள். முழுவதையும் எழுதினாள். வாய்க்கால் நீர், பாசிச் சாறு, கல்லுப்பு, சாம்பல், பொட்டாசியம் குளோரைடு, டயாலிசிஸ் செய்த சாறு என்று 6 வரிசையில் ஓர் அட்டவணை. ஒவ்வொன்றிலும் ஒரு நாளில் அசையாதவை ஒரு கட்டத்தில், சுத்த நீருக்கு மாற்றியும் எழாதவை அடுத்த கட்டத்தில். அந்த அட்டவணையை இப்போது வகுப்பில் கரும்பலகையில் எழுதித்தான் கண்ட்ரோல் பாடத்தைத் தொடங்குகிறேன்.

இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் கடற்பாசி, உவர்நிலத் தாவரம் எதை எடுத்தாலும் முதல் நாளே சாம்பல் கண்ட்ரோலை வையுங்கள். மீட்டர் இல்லாத கல்லூரியிலும் ஒரு துளிச் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் வற்றவிட்டுப் பார்க்கலாம். வெள்ளை பூத்தால் கேள்வி தொடங்கிவிட்டது.

சித்திக்கு என்ன சொல்வது?

மாசியில் அறுப்பு முடிந்த பிறகு நாங்கள் இருவரும் தேரூர்ப் பக்கம் போனோம். ‘பாசி மருந்து வரப்போகுது’ என்று மாணவி ஐப்பசியிலேயே சொல்லி வைத்திருந்தாள். அதனால் போவதற்கே அவளுக்குத் தயக்கம். புழு கொட்டும் நத்தை ஒன்றைக் குப்பியில் போட்டு, கைக்கடக்கமான நுண்ணோக்கியையும் எடுத்துக்கொண்டாள்.

சித்தி திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இதா? இந்தப் பொடியா என் காலைக் கடிக்கு?”

“கடிக்கல்ல சித்தி, உள்ள போவுது.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மருந்து கிடைக்கவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரையேறிய உடனே துண்டால் அழுத்தித் துடைத்தால் தோலில் ஒட்டியது கொஞ்சம் போகும் என்று சொன்னோம். அறுப்பு முடிந்த வயலில் தாரா (வாத்து) கூட்டத்தை விட்டால் நத்தையைத் தின்னும் என்றோம். அதற்கு அவர், “முன்ன தாரா வரும், இப்ப வாறதில்ல” என்றார். வயலை வற்றவிட்டால் புழு சாகும், ஆனால் தட்டை நத்தை சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீர் வரை காத்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள் மாணவி.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சித்தி சொன்னார்: “எங்க வயலுக்கு மேல ஒரு மடை உண்டும். அங்க எருமை குளிப்பாட்டுவாவ. அந்த வெள்ளம் பாயுற நாலு வயல்லதான் அரிப்பு கூடுதல். கீழ, அனந்தன்கால் வெள்ளம் பாயுற பக்கம் அவ்வளவு கிடையாது. இத நான் அப்பவே சொன்னேன், நீங்க பாசி பாசின்னு போனிய.”

அவர் சொன்னது உண்மை. ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கிறார். மாணவியின் நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஓரத்தில் பென்சிலால் ‘மேல் மடை – எருமை’ என்று இருக்கிறது. இரண்டு பேருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும் 2 வாளிகளோடு வாய்க்காலில் இறங்கினோம். மடைக்கு மேலே எடுத்த நத்தைகள் ஒரு வாளியில், கீழே எடுத்தவை இன்னொன்றில். சித்தி வரப்பில் நின்று, எருமை இறங்கும் சரிவு எது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.